பித்தளைத் தூள்

மலாயாவில், லாபு பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் ரப்பர் பால் லாரி ஓட்டிய சந்தியாகு, பேச வேண்டிய இடத்தில் தலையைச் சொறிகிற மனிதர். தோட்டத்து வண்டிகளுக்கு வைத்தியமும் அவர்தான். லாரிக்கு என்ன நோவு என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். ஐம்பத்தொன்றில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வாங்கி வந்த பச்சை ஸ்போர்ட்ஸ் கார்தான், இரண்டே பேர் உட்காருவது, அவரைக் குழப்பியது.

கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள்ளிருந்து சண்டை போட்ட அவசரகாலம். சிரம்பான் சாலையில் ஓர் ஏற்றத் திருப்பம். அங்கே இரண்டாம் கியருக்கு இறக்கியே ஆக வேண்டும். போன மாதம் அங்கேதான் ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து ஒரு லாரியைச் சுட்டார்கள். துரையின் காரிலோ ஒரு வாரமாக இரண்டாம் கியர் விழ மறுத்தது. சனிக்கிழமை நாலு மணிக்குச் சிரம்பான் போக வேண்டும், அதற்குள் கியர் ஆயிலை மாற்று என்று துரையின் உத்தரவு.

அன்று காலையில் கியர் பெட்டியின் அடித் திருகைக் கழற்றினார். வடிந்த பழைய ஆயிலை விரலில் தேய்த்தபோது மஞ்சளாக மினுங்கியது. பித்தளைத் தூள். முகர்ந்தால் கந்தக வாடை. லாரிக்கு ஊற்றும் அதே கெட்டி ஆயிலை மூன்று மாதம் முன்பு ஊற்றியவர் அவரே. அதுதான் உள்ளே இருக்கும் பித்தளை வளையங்களைத் தின்கிறதோ?

காரோடு வந்த புத்தகத்தை ஆபீசுக்குத் தூக்கிப் போனார். கணக்கெழுதும் கிராணி கணேசமூர்த்தி படித்துச் சொன்னார்: கெட்டி ஆயில் பின் அச்சுக்கு மட்டும்தான், கியர் பெட்டிக்கு இஞ்சின் ஆயில். சந்தியாகுவுக்கு நம்பிக்கை வரவில்லை. மறுபடி படிக்கச் சொன்னார். அதேதான்.

"ஒரு துண்டுல எழுதிக் குடுங்கய்யா."

"படிச்சுச் சொன்னேன்ல, அதோட விடுலா. நடுவழியில கியர் சிக்கிக்கிட்டா போலீசுல எழுதுனவனையும் சேத்துல்ல கூப்பிடுவான்."

சந்தேகம் என்ற ஒரு சொல்லுக்கே ஆளைப் பிடித்துப் போன காலம். கிராணியைக் குறை சொல்ல முடியவில்லை.

இஞ்சின் ஆயிலை ஊற்றிக்கொண்டிருந்தபோது, துரைக்குக் காவலாகப் போகும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் சன்னாசி வந்து நின்றார்.

"என்னண்ணே, இஞ்சின் ஆயில கியர்ல ஊத்துற? யாரு சொல்லிக் குடுத்தா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் தோளில் துப்பாக்கி இருந்தது. அவர் போனதும் சந்தியாகு ஊற்றியதை வடித்துவிட்டுக் கெட்டி ஆயிலை ஊற்றினார். தட்டில் கிடந்த மஞ்சள் மினுக்கு கண்ணில் பட்டது. அதையும் வடித்தார். சோறு கொண்டுவந்த மனைவி சூசையம்மாள், காலியான கியர் பெட்டியையும் இரண்டு ஆயில் டின்களையும் பார்த்து, ரெண்டையும் கலந்து ஊத்திட வேண்டியதுதானே என்றாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் விரல் கண்டதையே நம்பி இஞ்சின் ஆயிலை ஊற்றி மூடினார்.

நாலு மணிக்கு, சன்னாசி உட்கார வேண்டிய இடத்தில் தான் ஏறிக்கொள்ளலாமா என்று சந்தியாகு அரைகுறை மலாயில் துரையிடம் கேட்டார். கியர்ச் சத்தத்தைக் கேட்க வேண்டுமாம். துரை தோளைக் குலுக்கினார். சன்னாசி பின்னால் லாரியில் வந்தார்.

திருப்பத்தில் சந்தியாகு மரங்களைப் பார்க்கவில்லை. துரையின் கையையே பார்த்தார். இரண்டாம் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. ஏற்றம் முடிந்ததும் காலடியில் ஒரு மெல்லிய முனகல். ஆயில் இளகல் என்பதாலா, பித்தளை தேய்ந்ததாலா? இல்லை, எப்போதும் இருந்த சத்தம்தானா? இந்தக் காரில் அவர் உட்கார்ந்து போவது இதுதான் முதல் தடவை.

பொழுது சாயத் திரும்பியதும் தோட்டத்து வாசலில் சன்னாசி கேட்டார், "அப்ப அந்த ஆயிலுதான் சரியா?"

சந்தியாகு தலையைச் சொறிந்தார்.

"தெரியலப்பா. அடுத்த தடவையும் நானே ஏறிக்கிறேன்."