லெசியேலி போட்ட ரேட்

டோங்காவிலிருந்து ஃபிஜித் தலைநகர் சுவாவுக்குப் போய்ப் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு நிதி படித்தவள் லெசியேலி. தம்பி மோசேசே பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, ஆஸ்திரேலியத் தோட்டத்தில் ஆரஞ்சு பறித்து அனுப்பிய காசில்தான் அந்தப் படிப்பு.

"ரெண்டு பேருக்கும் சேர்த்து நீயே படிச்சிடுக்கா. எனக்குப் புத்தகத்தைப் பார்த்தாலே தூக்கம் வருது" என்று போனில் சிரிப்பான்.

அன்னியச் செலாவணிப் பாடம் தொடங்கியபோதுதான் அவளுக்கு உறைத்தது. சந்தையில் டாலருக்கு ஒரு விலை. தம்பி அனுப்பும் டாலருக்கு ஊரில் அம்மா கையில் கிடைக்கும் டோங்காப் பணமான பாங்காவோ அதைவிடக் குறைவு. நடுவில் இருந்ததைப் பணம் அனுப்பும் கம்பெனி விழுங்கிக்கொண்டிருந்தது, 'கட்டணம் இல்லை' என்று வாசலில் பலகை மாட்டிவிட்டு.

அந்த ஆத்திரத்தையே ஆய்வாக எழுதினாள். பக்கத்திலேயே நல்ல விலை கிடைத்தும் ஏன் போவதில்லை என்று தம்பியோடு பழம் பறிப்பவர்களைப் போனில் கேட்டாள். "இங்க கவுண்டர்ல நம்ம பாஷை பேசுற பொண்ணு இருக்கு. நம்ம சர்ச்சுக்கு வர்ற பொண்ணு" என்றார்கள். அதையும் எழுதினாள். ஆய்வுக்குப் பரிசு கிடைத்தது. சிட்னியில் அப்படிப்பட்ட ஒரு கம்பெனியே கூப்பிட்டு வேலை கொடுத்தது. பாங்காவுக்கு அன்றாட விலை போடும் வேலை. உள்ளே போனால் சரிசெய்துவிடலாம் என்று நம்பித்தான் போனாள்.

முதல் மாதமே, லாபத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று மேலாளர் கிரெய்கிடம் சொன்னாள். அவர் அவளுடைய ஆய்வையே எடுத்து மேசையில் வைத்தார்.

"உங்க ஆளுங்க ரேட்டைப் பார்த்து வர்றதில்ல, ஆளைப் பார்த்துதான் வர்றாங்கன்னு நீதானே எழுதியிருக்க? அதுக்காகத்தான் உன்னை எடுத்தோம். அருமையான ஆய்வு. இன்னும் கொஞ்சம் இறக்கிக் குடுத்தாலும் யாரும் போகமாட்டாங்க."

குரலில் கேலி இல்லை. மனதாரத்தான் பாராட்டினார்.

அன்று மாலையே தம்பியைக் கூப்பிட்டாள். "மோசேசே, இனிமே எங்க கம்பெனில அனுப்பாதே. வேற இடத்துல இதைவிட அதிகமாக் கிடைக்கும்."

"என்னக்கா பேசுற? தோட்டத்துல அத்தனை பேரையும் உங்க கம்பெனிக்கு மாத்திவிட்டதே நான்தான். எங்கக்கா போடுற ரேட்டுன்னு சொல்லியிருக்கேன்."

"அது நல்ல ரேட் இல்லடா."

"உனக்கு எப்பவுமே தன்னடக்கம் ஜாஸ்தி."

"தன்னடக்கம் இல்லடா, நிஜமாத்தான் சொல்றேன்."

"சரி சரி. நீ இருக்கிற இடத்தை விட்டுட்டு நான் வேற கடை வாசல்ல போய் நின்னா, நம்ம ஆளுங்க உன்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

வேலையை விட்டால் விசா போய்விடும். ஊருக்குத் திரும்பினால் அவள் படித்த படிப்புக்கு அங்கே வேலை இல்லை. தம்பி இன்னும் எத்தனை வருடம் ஏணியில் ஏற வேண்டுமோ. இப்படிக் கணக்குப் போட்டுப் போட்டே அவள் தங்கிவிட்டாள். கிரெய்க் சொன்னபடியே டாலருக்குக் கொடுக்கும் பாங்காவை இன்னும் இறக்கினாள். ஒருவரும் போகவில்லை. புதிதாகத்தான் ஆட்கள் வந்தார்கள்.

மறு வருடம் கம்பெனி அவள் படத்தைப் பெரிதாக அச்சடித்து எல்லாக் கிளைகளிலும் ஒட்டியது. கீழே டோங்கா மொழியில் 'உங்களில் ஒருத்தி' என்று போட்டிருந்தது. மோசேசே அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக நின்றான்.

அவள் அதற்குப் பதில் அனுப்பவில்லை. அவனோ, அக்காவுக்கு வேலை அதிகம் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டான்.