ஆம்பூர் மேட்சும் நாற்பத்திரண்டாம் நம்பர் பூட்ஸும்

இல்லை சார், நீங்கள் சொல்வதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. "பெரிய காலேஜ் டீம் ஒரு சின்ன ஊர் டீமோடு ஃபுட்பால் ஆடுவது இரண்டு பேருக்குமே அவமானம்" என்று என் போன பதிவுக்குக் கீழே எழுதிவிட்டு, பெங்களூரில் ஃபேன் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். நீங்கள் காலேஜ் டீமில் ஆடியவர் என்கிறீர்கள், சந்தோஷம். நான் ஏழாவதோடு நின்றவன். ஆனாலும் கேட்கிறேன்: சின்ன டீம் தன்னைப் போன்ற சின்ன டீமோடு மட்டுமே ஆடிக்கொண்டிருந்தால், இன்னும் எவ்வளவு ஓட வேண்டும் என்று அதற்கு யார் காட்டுவது? நீங்கள் வந்து காட்டுவீர்களா? வர மாட்டீர்கள். அதனால்தான் நானே ஒரு மேட்சை நேரில் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு: என் பெயர் கன்னியப்பன், ஊர் திமிரி. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் செக்ஷனில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். இப்போது இரண்டு வேலை. ஒன்று ஊர் சுற்றுவது. இன்னொன்று எங்கள் திமிரி ஃபுட்பால் டீமைக் கட்டி மேய்ப்பது. ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய காலேஜ் இருக்கிறது, பெயர் வேண்டாம். அவர்கள் சீசன் தொடங்கும் முன் வருடத்துக்கு ஒரு ஊர் டீமைக் கூப்பிட்டு ஆடுவார்கள். போகவர வேன், மத்தியானம் பிரியாணி, புல் முளைத்த கிரவுண்டு. போன வருடம் நெமிலி போனது. இந்த வருடம் திமிரிதான் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். கூப்பிட்டது பக்கத்து ஊரான கலவையை.

கலவை டீமின் மேனேஜர் தனபால். உரக்கடை வைத்திருக்கிறான், எனக்கு நாற்பது வருட தோஸ்த்து. அதனால்தான் வயிறு இவ்வளவு எரிந்தது. தெரியாத ஆளாக இருந்தால் கொஞ்சம் கம்மியாக எரிந்திருக்கும். காலேஜின் பி.டி. சார் என்னிடம் போனில், "அடுத்த வருஷம் உங்க ஊரைப் பாக்கலாங்க" என்று சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினேன்.

மேட்ச், போன மாதம் இரண்டாவது ஞாயிறு, காலை பத்து மணிக்கு. எங்கள் டீமில் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு காலை ஆறு மணிக்கே திமிரி பஸ் ஸ்டாப்பில் நின்றேன். ஏழு பேரும் ஷூ கம்பெனியில் வேலை செய்பவர்கள், ஞாயிறு லீவு. பூட்ஸையும் பையில் போட்டு எடுத்து வரச் சொல்லியிருந்தேன். கலவையில் யாருக்காவது வயிறு சரியில்லாமல் போனால் நாம் இறங்கலாம் இல்லையா? நல்ல எண்ணம்தான்.

ஆறு பத்துக்குக் கலவையிலிருந்து ஆற்காட்டுக்குப் போகும் வழியில் காலேஜ் வேன் எங்களைத் தாண்டியது. முன்சீட்டில் தனபால், புதுச் சட்டை. கண்ணாடியை இறக்கி எனக்கு டாட்டா காட்டினான். வேனுக்குள் நாலு சீட் காலியாக இருந்ததை நான் எண்ணினேன்.

எங்களுக்கு பஸ் ஆறரைக்கு. திமிரியிலிருந்து ஆற்காடு பத்து கிலோமீட்டர், பத்து ரூபாய். ஆற்காட்டிலிருந்து வேலூர் இருபத்தைந்து கிலோமீட்டர், இருபத்திரண்டு ரூபாய். வேலூர் புது பஸ் ஸ்டாண்டில் ஏழே முக்காலுக்கு இறங்கி, நின்றபடியே இட்லி தின்றுவிட்டு எட்டு மணிக்கு ஆம்பூர் பஸ். ஐம்பது கிலோமீட்டர், நாற்பது ரூபாய், ஒன்றே கால் மணி நேரம். இடது பக்க ஜன்னல் வேண்டாம், வெயில் பின்னாலிருந்து கழுத்தில் அடிக்கும். மாதனூர் தாண்டியதும் தோல் வாசனை வரும். முன்சீட்டு அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எங்கள் ஏழு பேரும் அப்போதுதான் கண் விழித்தார்கள். ஷிஃப்டுக்கு வந்துவிட்டோம் என்று நினைத்துவிட்டார்களாம்.

ஸ்டாப்பிலிருந்து காலேஜ் மூன்று கிலோமீட்டர். இரண்டு ஆட்டோ, ஒன்றுக்கு எண்பது ரூபாய். நூறு கேட்பார்கள், அசையாதீர்கள்.

"இன்னா பெருசு, மேட்சா?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஆமா. எத்தினி கோலு போடுவானுங்கோ காலேஜு பசங்க?"

"எட்டு கோலாவது போடுவாங்க. நீங்க காலேஜு கட்சியா?"

"இல்லப்பா. நான் கலவைக்கு எதிர்க்கட்சி."

பின்னால் நெருக்கி உட்கார்ந்திருந்த அன்வர், எங்கள் கேப்டன், கட்டிங் செக்ஷன்காரன், விழுந்து விழுந்து சிரித்தான். "நைனா, இதுக்காவா நூறு கிலோமீட்டரு வந்தோம்?" என்றான். நூறு இல்லை, எண்பத்தெட்டு.

கிரவுண்டுக்கு ஒரு பக்கம் சிமெண்ட் படி. போய் உட்கார்ந்தோம். கலவை டீம் இறங்கியது. பதினோரு பேர் காலிலும் ஒரே மாதிரி ஆரஞ்சு நிற பூட்ஸ், பளபளவென்று. அன்வர் தன் பையை மெதுவாகக் காலுக்குப் பின்னால் தள்ளினான். அதில் இருந்த பூட்ஸின் மூக்கில் அவனே தைத்த ஒட்டு இருக்கிறது. தனபால் தூரத்திலிருந்து என்னைப் பார்த்துத் தன் காலைத் தட்டிக் காட்டினான். எனக்கு வந்த எரிச்சலை எழுத எழுத்து போதாது.

மேட்ச் தொடங்கிப் பத்து நிமிடத்தில் இரண்டு கோல். காலேஜ் பையன்கள் நன்றாக ஆடினார்கள், ஆனால் அவ்வளவு நன்றாக ஆடத் தேவையே இருக்கவில்லை. கலவையின் லெஃப்ட் விங் ஒரு குள்ளப் பையன். எங்களோடு ஆடும்போது முயல் மாதிரி ஓடுவான். அன்று சேற்றில் செருப்போடு நடப்பவன் மாதிரி காலை இழுத்தான். கோல்கீப்பர் ஆறடி ஆள், நெருப்பில் நிற்பவன் மாதிரி கால் மாற்றி மாற்றி நின்றான். ஒருவன் எங்கள் முன்னாலேயே விழுந்தான். பூட்ஸின் அடிப்பக்கத்தில் நம்பர் தெரிந்தது: 42. அடுத்து குள்ளன் விழுந்தான். 42. கீப்பர் பந்துக்குப் பாய்ந்தான். 42.

எனக்குப் புரிந்துவிட்டது. அன்வருக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தோம் பாருங்கள், படியே அதிர்ந்தது. ஷூ கம்பெனியில் புது மாடல் செய்தால், வெளிநாட்டு பார்ட்டிக்குக் காட்ட முதலில் சாம்பிள் போடுவார்கள். ஆண்கள் சாம்பிள் என்றால் எல்லாம் ஒரே அளவு, நாற்பத்திரண்டு. காட்டி முடிந்ததும் அது கோடவுனில் தூங்கும். அப்புறம் மூட்டையாகச் சல்லிசு விலைக்குப் போகும். உரக்கடைக்காரனுக்கு இது எப்படித் தெரியும்?

ஹாஃப் டைமுக்குள் ஐந்து கோல். பிரியாணி கிடைக்காவிட்டாலும் வயிறு நிறைந்தது எனக்கு.

அந்த நேரத்தில்தான் எங்களுக்கு இரண்டு படி கீழே பி.டி. சார் இன்னொரு வாத்தியாரிடம் பேசியது காதில் விழுந்தது.

"இதோட நிறுத்திடலாம் சார். மேலேர்ந்து கேக்கறாங்க, எதுக்கு இந்தச் செலவுன்னு. நம்ம பசங்க நடந்துகினே ஆடறாங்க. இதுல இன்னா பிராக்டீஸ் ஆவுது? அடுத்த வருஷம் யாரும் வேணாம்."

யாரும் வேணாம் என்றால் திமிரியும் வேணாம். கலவை ஒழுங்காக ஆடினாலொழிய எனக்கு மேட்ச் கிடையாது. இப்படி ஒரு இக்கட்டு பெங்களூர் சாருக்கு வந்திருக்காது.

படி இறங்கி ஓடினேன். கலவை ஆட்கள் மர நிழலில் பூட்ஸைக் கழற்றிப் போட்டுக் கால் விரலை ஊதிக்கொண்டிருந்தார்கள். தனபால் தண்ணீர் பாட்டில் நீட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னாப்பா தனபாலு, பதினொரு பேரும் ஒரே அச்சுல வார்த்த புள்ளைங்களா? எல்லாருக்கும் ஒரே சைஸு காலா?"

"யோவ், நக்கல் பண்ண வந்தியா? புது பூட்ஸு, கடிக்கத்தான் செய்யும். எக்ஸ்போர்ட் மாலுய்யா இது!"

"எக்ஸ்போர்ட்டுக்குக் காட்டற மாலு. எல்லாம் நாப்பத்திரெண்டு. திருப்பிப் பாரு."

திருப்பிப் பார்த்தான். ஒவ்வொன்றாக. முகம் சுருங்கிப் போனது. "மூட்டையா வந்துச்சு. வேன்லதான் பிரிச்சோம். பழசு எல்லாத்தையும் ஊர்லயே வெச்சுட்டு வரச் சொன்னேன், போட்டோவுக்கு நல்லா இருக்கும்னு..." என்றான். அப்புறம் குள்ளனைப் பார்த்து, "ஏண்டா, சொல்றதுதானே?" என்றான்.

"நீங்க அவ்ளோ ஆசையா குடுத்தீங்களேண்ணே. ரெண்டு சாக்ஸு போட்டுகினேன்" என்றான் அந்தப் பையன்.

நாலு பேருக்கு நாற்பத்திரண்டு சரியாகவே இருந்தது. மீதி ஏழு பேர். என்னிடம் ஏழு ஜோடி இருந்தது. நான் படிப் பக்கம் திரும்பிக் கையைத் தட்டினேன். அன்வர் வந்தான், விஷயத்தைச் சொன்னேன்.

"நம்ம பூட்ஸா? இவனுங்களுக்கா? நைனா, வெயில்ல உனுக்கு மூளை கலங்கிப் போச்சா?"

"அடுத்த வருஷம் இந்தப் புல்லு மேல நீ ஆடணுமா, வேணாவா?"

பி.டி. சார் பேசியதைச் சொன்னேன். அன்வர் ஒரு நிமிடம் ஆரஞ்சு பூட்ஸையே பார்த்தான். பிறகு பையைத் திறந்து, ஒட்டு போட்ட பூட்ஸை எடுத்துக் குள்ளன் முன்னால் வைத்தான். "ரைட்டு காலு லேஸை ரெண்டு சுத்து சுத்திக் கட்டு. இல்லன்னா அவுந்துக்கும்."

காலுக்குக் கால் வைத்துப் பார்த்து ஏழையும் பொருத்த எனக்கு ஆறு நிமிடம். இருபத்தெட்டு வருடம் ஜோடி பார்த்தவன். எங்கள் ஆட்கள் பஸ்ஸில் போட்டு வந்த செருப்புகளைப் படிக்குக் கீழே விட்டிருந்தார்கள். அதில் மூன்றைக் காலேஜ் நாய் தூக்கிக்கொண்டு போயிருந்தது. செருப்பு போனவர்கள் சுடுகிற சிமெண்டில் நிற்க முடியாமல் குதித்துக் குதித்துக் கலவைக்குக் கத்தினார்கள். நானும் கத்தினேன். என் வாயால் "கலவை! கலவை!" என்று. யாராவது வீடியோ எடுத்திருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

இரண்டாவது பாதியில் காலேஜ் பையன்கள் முதல்முறையாக ஓட வேண்டியிருந்தது. ஒருவனை ஒருவன் திட்டிக்கொண்டார்கள், கோச் எழுந்து கத்தினார். அவர்களால் இன்னும் ஒரே ஒரு கோல்தான் போட முடிந்தது. முடிய இருபது நிமிடம் இருக்கும்போது குள்ளன் ஓரமாகப் புகுந்து, இரண்டு பேரை வெட்டி, ஒட்டு போட்ட மூக்காலேயே ஓங்கி ஒன்று விட்டான். கோல்! அன்வர் படியில் நின்று, "எம் பூட்ஸு! அது எம் பூட்ஸு போட்ட கோலு!" என்று அலறினான். ஆறுக்கு ஒன்று, தோல்விதான். ஆனால் பி.டி. சார் நின்றுகொண்டு கைதட்டினார்.

மேட்ச் முடிந்ததும் அவரிடம் போனேன். "செகண்ட் ஹாஃப் மாதிரி ஆடுனா எங்களுக்கும் லாபம்தாங்க. என் பசங்களோட ஓட்டை எங்க இருக்குன்னு இன்னிக்கிதான் பாத்தேன். இதை நிறுத்த வேணாம்னு மேலே சொல்லிடறேன்" என்றார்.

"அப்போ அடுத்த வருஷம் திமிரிதானே சார்?"

"கலவையையே திரும்பக் கூப்பிடலாம்னு பாக்கறேன். அந்த லெஃப்ட் விங்கு இன்னா பையன்!"

சொல்லுங்கள், எனக்கு எப்படி இருந்திருக்கும்? பூட்ஸ் கதையை முழுக்கச் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு டீமுக்குத்தான் செலவு தருவாங்க. நீங்க ரெண்டு பேரும் பேசி எனக்குச் சொல்லுங்க" என்று கைகழுவிவிட்டார்.

ஆகவே பெங்களூர் சார், அவமானம் யாருக்கு? ஆறு கோல் வாங்கிய கலவைப் பையன்கள் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தபடி அந்த ஒரு கோலைத்தான் திரும்பத் திரும்பப் பேசினார்கள். காலேஜ் பையன்கள் வந்து குள்ளனிடம் கைகொடுத்துப் போனார்கள். பெரிய டீம் கூப்பிட வேண்டும். ஆனால் கூப்பிட்டால் முழு மூச்சாக ஆட வேண்டும். சின்ன டீம் பழகிய பூட்ஸோடு போக வேண்டும். அதுவும் என் ஊர் டீமாக இருக்க வேண்டும்.

போகிறவர்களுக்கு: ஞாயிறு காலை வேலூர் ஆம்பூர் பஸ்ஸில் கூட்டம் இருக்காது. மேட்சுக்கு டிக்கெட் கிடையாது, கேட்டில் பெயர் எழுதிவிட்டுப் போகலாம். படியில் பத்தரைக்கு மேல் நிழல் இல்லை, துண்டு எடுத்துப் போங்கள். செருப்பைக் கீழே விடாதீர்கள். ஒரு ஆளுக்குப் போகவர பஸ், ஆட்டோ, சாப்பாடு எல்லாம் முந்நூற்றைம்பதில் முடியும். ஆம்பூரில் ஷூ சல்லிசாகக் கிடைக்கிறதே என்று மூட்டையாக வாங்கினால், ஒவ்வொன்றையும் திருப்பி நம்பரைப் பாருங்கள்.

இனி வேன் கிளம்பும் முன் நடந்தது. எங்கள் பூட்ஸ் எல்லாம் திரும்பி வந்துவிட்டன, துடைத்தே கொடுத்தார்கள். தனபால் வேன் படியருகே பல் குத்திக்கொண்டு நின்றான்.

"தனபாலு, ஞாயமா பேசு. கோலு யாரால வந்துச்சு?"

"எங்க பையனால."

"பூட்ஸு யாரோடது?"

"உங்களுது. அதான் நானும் யோசிச்சேன். அடுத்த வருஷமும் இப்படியே வெச்சுக்கலாம். நீ பூட்ஸு எடுத்துனு வா, நான் டீமு எடுத்துனு வர்றேன்."

வேனுக்குள் அத்தனை பேரும் சிரித்தார்கள். என் ஆட்களும்கூடச் சிரித்தார்கள், அன்வர் உள்பட.

"இரு, இரு. சிரிக்காத. போன வருஷம் நெமிலி, இந்த வருஷம் நீ, மொறைப்படி பாத்தா யாரு? சரி, மொறைய வுடு. உன் கீப்பர் கால்ல கொப்புளம் வந்தப்ப எவன்யா ஓடியாந்தான்? நான் வாய மூடிகினு படியிலயே குந்தியிருந்தா இன்னிக்கி நீ பன்னெண்டு கோலு வாங்கிகினு போயிருப்ப, அதுக்கப்புறம் எந்த ஊருக்கும் மேட்சு இல்ல. நாலு சீட்டு காலியா வெச்சுகினு டாட்டா காட்டிகினு போனியே, அதையும் நான் மனசுல வெச்சுக்காம, என் ஆளுங்க காலு வேவறதையும் பாக்காம... தனபாலு, எங்கப்பா போற? நான் இன்னும் முடிக்கல. அந்த பி.டி. சாரு கிட்ட நீ ஒரு வார்த்த..."