சேவலுக்கும் எனக்கும் ஒரே இன்டர்வியூ

செகிஞ்சான் பஸ் நிறுத்தம். மண்டையைப் பிளக்கும் வெயில். எதிரே ஒரு லோரி. அதிலிருந்த மூங்கில் கூடைக்குள் ஒரு செம்பழுப்புச் சேவல் என்னையே முறைத்துக்கொண்டிருந்தது. நானும் முறைத்தேன். பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை. நாமும் கோழி வளர்த்தால் என்ன?

"தம்பி, இது ரோட் ஐலண்ட் ஜாதி லா," என்றார் கூடைக்காரத் தவுக்கே, லோரியின் சீன முதலாளி. "ஒரு சேவல், எட்டுப் பெட்டை... சுக்குப்! போதும்! ரெண்டு சேவல் வச்சா சண்டை."

படித்தவன் சும்மா வாங்குவேனா? ஒரு விவசாயப் புத்தகத்தை ஒரே மூச்சில் முடித்தேன். வெள்ளை லெகார்ன் முட்டையாகக் கொட்டும். அடைகாக்கச் சொன்னால் யாருக்கு வந்த விருந்தோ என்று போய்விடும். கம்பத்துக் கோழி, அதாவது நம் நாட்டுக்கோழி, கொஞ்சமாகத்தான் இடும்; ஆனால் அடையில் உட்கார்ந்தால் இடி விழுந்தாலும் எழாது. ஆகவே பெட்டைகள் கம்பம், சேவல் ரோட் ஐலண்ட். தாயின் பொறுமை, தகப்பனின் உடம்பு—கலப்புக் குஞ்சுகள்!

முறைத்த அந்தச் சேவலையும் எட்டுப் பெட்டைகளையும் வாங்கி வந்து, எங்கள் எஸ்டேட் லயத்து வீட்டுக்குப் பின்னால் கூண்டு போட்டேன். ஈரம் ஏறாதபடி முழ உயரக் கால்கள். காலை வெயில் உள்ளே விழும். தினமும் புதுத் தண்ணீர். பொழுது சாய்ந்தால் கதவுக்குக் கொக்கி, மரநாய்க்குப் பயந்து.

புத்தகத்தில் இல்லாத ஆபத்து ஒன்று பாக்கியிருந்தது. அம்மா.

எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலைக்கு மனுப் போட்டிருந்தேன். அம்மா முனீஸ்வரரிடம் வேண்டிக்கொண்டுவிட்டார்: மகனுக்கு வேலை கிடைத்தால் சிவப்புச் சேவல் அவருக்கு.

"வேற சேவல் வாங்கித் தரேம்மா!"

"நேந்துக்கிட்டதை மாத்துறதா? சாமிகிட்டப் போய்ச் சில்லறை கேப்பியாடா?"

சேவலின் காலில் மஞ்சள் துணி ஏறியது. மறுநாள் அந்தச் சேவல் பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவின் கீரைப் பாத்தியைக் கிளறியது. அக்கா துடைப்பத்தை ஓங்கினார். மஞ்சள் துணியைப் பார்த்தார். துடைப்பம் கீழே போனது.

"சாப்பிடுங்க ராசா... ஒங்க வீட்டுக் கீரைதான்."

என் நிலைமையை யோசியுங்கள். வேலை கிடைத்தால் சேவல் போச்சு. கலப்புக் குஞ்சுத் திட்டமும் போச்சு. சேவல் பிழைக்க வேண்டுமென்றால் நான் வேலையில்லாமல் திரிய வேண்டும்!

இன்டர்வியூவில் மானேஜர், "ஓய்வு நேரத்துல என்ன செய்வே?" என்றார்.

"கோழி வளர்க்கிறேன், சார்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை; லெகார்னிலிருந்து மரநாய் வரை கொட்டித் தீர்த்தேன். மானேஜர் பேனாவைத் திறந்து குறிப்பெழுத ஆரம்பித்தார்—அவருடைய பங்களாக் கோழிகள் முட்டையிடுவதில்லையாம்! கிராணி வேலையைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. எழும்போது கைகுலுக்கினார்.

"மூணு வாரத்துல லெட்டர் வரும்."

மூன்று வாரம். முட்டை பொரிக்க எத்தனை நாள்? இருபத்தொன்று! வீட்டுக்கு ஓடினேன். அடைக்குத் துடித்துக்கொண்டிருந்த கறுப்புப் பெட்டையின் அடியில், சேர்த்து வைத்திருந்த பதினோரு முட்டைகளை வைத்தேன். அப்பன் போனாலும் பிள்ளை இருக்கட்டும்.

ஏழாம் நாள், ஜன்னலைச் சாத்திவிட்டு டார்ச் வெளிச்சத்தில் முட்டைகளைப் பார்த்தேன். ஒன்பதில் சிவப்பு நரம்பு ஓடியது. உயிர்!

நேற்று, பத்தொன்பதாம் நாள், கடிதம் வந்துவிட்டது. பிரிக்கவில்லை. அடைக்கூடை வைக்கோலுக்கு அடியில் செருகினேன். கோழி அதன்மேலும் உட்கார்ந்துகொண்டது. பொரிக்கிறபோது அதையும் சேர்த்துப் பொரிக்கட்டும்.

அம்மா வந்தார். "ஏன்டா மொகம் வாடிக் கெடக்கு? குஞ்சு பொரிக்குமான்னா?"

"ஆமாம்மா." பொய்யில்லையே.

"அதுக்குப் போயி கவலைப்படுறியே! இப்பத்தான் முனீஸ்வரர்கிட்ட சொல்லிட்டு வரேன். நல்லபடியா பொரிச்சா, வர்ற சேவக்குஞ்சு பூரா அவருக்குத்தான்."

ஞாயிற்றுக்கிழமை ஜெராம் ஊருக்குப் போகிறேன், வளர்க்க வாத்து பார்க்க. முனீஸ்வரருக்கு வாத்து நேர்ந்துகொள்ளும் வழக்கம் உங்கள் பக்கம் இருந்தால்... தயவுசெய்து என் அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்!