பின்னாடி சொல்லிடுங்கம்மா

யானை பார்க்கப் போகலாம் என்று மகள் சொன்னதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. பெரணமல்லூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் சரி என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அடுத்த மாதம் நிச்சயம். வீட்டுக்கு வெள்ளை அடிக்கவில்லை, பத்திரிகைக்குப் பேர் எழுதவில்லை, இந்த லட்சணத்தில் இவளுக்குக் காடு கேட்கிறதாம்.

"கல்யாணத்துக்கு முன்னாடி நாம மூணு பேரும் ஒரு தபா எங்கனா போய்ட்டு வரலாம்மா. அப்பா அந்தத் தறிய விட்டு எங்க போயிருக்காரு, சொல்லு?" என்றாள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை அவளுக்கு. என்னைக் கேட்பதற்கு முன்பே போனில் பதிவு செய்து முடித்திருந்தாள். நீலகிரி அடிவாரத்தில் ஒரு தனியார் காடு. முன்பு எஸ்டேட்டாக இருந்ததாம். இப்போது வேலி போட்டு, விடுதி கட்டி, சொந்த ஜீப்பில் ஆட்களை ஏற்றி மிருகம் காட்டுகிறார்கள். காட்டுக்கும் முதலாளி உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

என் வீட்டுக்காரர் சேவூரில் ஒரு பவர்லூம் ஷெட்டில் முப்பது வருஷமாகப் பட்டு நெய்கிறார். அந்த இரைச்சலுக்குள் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பேசினாலும் கேட்காது. உதட்டை மட்டும் அசைப்பார்கள், எதிரே இருப்பவர் பார்த்துப் புரிந்துகொள்வார். கல்யாணமான புதிதில் சாப்பாடு கொண்டுபோய்க் கொண்டுபோய் எனக்கும் அது படிந்துவிட்டது. வீட்டிலும் பாதிப் பேச்சு எங்களுக்குச் சத்தமில்லாமல்தான். ஷெட்டின் அந்தக் கோடியில் இரண்டு பேர் பேசிக்கொள்வதை இவர் இந்தக் கோடியில் நின்றபடி வரி விடாமல் சொல்வார். அவ்வளவு கூர்மையான கண்.

அவருக்குக் காது போனதை ஊரில் யாரும் கண்டுபிடிக்காததற்கும் அதுவே காரணம். போய் ஏழெட்டு வருஷம் இருக்கும். அதை மறைத்தவள் நான்.

"பொண்ணுக்கு வரன் வர்ற நேரம். அப்பங்காரன் செவுடுன்னு தெரிஞ்சா பரம்பரைன்னு சொல்லிடுவானுங்க. யாரு இன்னா கேட்டாலும் நான் உங்க கைய அழுத்தறேன். நீங்க பேசாம தலைய ஆட்டுங்க" என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். விசேஷ வீடுகளில் அவர் கையை விடாமல் ஒட்டிக்கொண்டே உட்காருவேன். இந்த வயசில் என்ன கொஞ்சல் என்று சொந்தக்காரிகள் கிண்டல் பண்ணுவார்கள். பண்ணட்டும் என்று விட்டுவிட்டேன். பெண் பார்க்க வந்த அன்றும் அப்படித்தான் ஒப்பேற்றினோம். மகளிடம்கூட "அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

விடுதியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். நெஞ்சு வலி உண்டா, கர்ப்பமா, காது கேட்பதில் குறை உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். மகள் பெட்டிகளை எடுத்துக்கொண்டு அறைக்குப் போயிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று போட்டேன். கூச்சமாகக்கூட இல்லை. கைக்குப் பழகிய பொய்.

மறுநாள் காலையில் ஜீப் ஏறினோம். மேலே திறந்த வண்டி. முன்னால் டிரைவர், அவர் பக்கத்தில் வழிகாட்டி. நாற்பது வயதிருக்கும், ஒல்லியான மனிதர். "காட்டுல சத்தம் கூடாதுங்க. நான் மெதுவாத்தான் சொல்லுவேன். முன்னாடி இருக்கறவங்க பின்னாடி சொல்லிடணும்" என்றார். பின் இருக்கை உயரத்தில் இருந்தது. என் முழங்காலுக்கு அவ்வளவு உயரம் ஏற முடியாது. நான் நடுவில் உட்கார்ந்தேன், அப்பாவும் மகளும் எனக்குப் பின்னால் மேலே ஏறிக்கொண்டார்கள். நாலு பேர் இருக்கும் இடத்தில் என் கை அவர் மேல் இல்லாமல் இருந்தது எத்தனையோ வருஷத்தில் அன்றுதான். அது எனக்கு உறைக்கவே இல்லை.

மான் வந்தது, மயில் வந்தது. சின்னக் குன்று மாதிரி ஒரு காட்டெருமை நின்றது. ஒவ்வொன்றுக்கும் என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து என் முதுகைத் தட்டித் தட்டிக் காட்டினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை, சத்தியமாக.

ஒரு வளைவில் டிரைவர் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். வலது பக்கம் புதர். புதருக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. வழிகாட்டி என் பக்கம் சாய்ந்து மூச்சுக்குரலில் சொன்னார்: "குட்டியோட நிக்குதுங்க. யாரும் அசையக் கூடாது, எறங்கக் கூடாது. பின்னாடி சொல்லிடுங்கம்மா."

நான் திரும்பினேன். மகள் முகத்தைக் கேமரா மறைத்திருந்தது. அவரைப் பார்த்து, சத்தமே இல்லாமல், ஷெட்டில் பேசுகிற மாதிரி உதட்டை அசைத்தேன்: "எறங்காதீங்க." அவர் தலையாட்டினார். நான் முன்னால் திரும்பிக்கொண்டேன்.

பாவி, அவர் தலையாட்டியதை மட்டும்தான் பார்த்தேன். கண் எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. எதற்கும் தலையாட்டு என்று பழக்கியவள் நான்தானே? அவர் கண் தரையில் இருந்தது. மகள் போட்டிருந்த பட்டுத் துப்பட்டா, அவர் தறியிலேயே நெய்தது, நழுவி மண்ணில் கிடந்தது. பட்டு மண்ணில் படுவதை அவரால் தாங்க முடியாது. ஷெட்டில் ஒரு இழை கீழே விழுந்தாலும் குனிந்து எடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். இங்கேயும் இறங்கிவிட்டார்.

"ஐயா, ஏறுங்க" என்றார் வழிகாட்டி, மெதுவாக. பிறகு கொஞ்சம் பலமாக. இவர் குனிந்து துப்பட்டாவில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். புதர் பிளந்தது. யானை பிளிறியது. இவர் நிமிரக்கூட இல்லை. மகள் "அப்பா!" என்று அலறினாள். அதுவும் அவருக்கு எட்டவில்லை.

வழிகாட்டி குதித்து ஓடினார். இவரைப் பின்னாலிருந்து தூக்கி ஜீப்புக்குள் எறிந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். வழிகாட்டி ஏறுவதற்குள் யானை வந்துவிட்டது. துதிக்கையால் ஒரு வீச்சு. விழுந்தவரின் காலை மிதித்தது. டிரைவர் ஹாரனை விடாமல் அடித்ததில் குட்டியோடு திரும்பிப் போய்விட்டது. எல்லாம் நாலு மூச்சு விடுவதற்குள் முடிந்தது. மகள் அதே துப்பட்டாவைக் கிழித்து அந்தக் காலைக் கட்டினாள்.

விடுதியில் எங்கள் இருவரையும் இறக்கிவிட்டு, வழிகாட்டியோடு மகளும் டிரைவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கண்ணாடிக் கதவு. வெளியே நாற்காலியில் என் வீட்டுக்காரர், முழங்கையில் கட்டுடன் உட்கார்ந்திருந்தார்.

"எறங்கக் கூடாதுன்னு எங்க ஆள் சொன்னாரா, இல்லையாம்மா? சொல்லியிருந்தா உங்க மேல தப்பு. சொல்லலைன்னா அவர் மேல தப்பு" என்றார். படிவம் அவர் மேஜையில் இருந்தது. "உங்க வீட்டுக்காரருக்குக் காது கேக்கும் இல்ல?"

எழுந்து அழுதிருக்கலாம். ஐயா, என்கிட்ட சொன்னாரு, நான்தான் வாய்விட்டுச் சொல்லலை, எங்க வீட்டுக்காரருக்குக் காது கேக்காது என்று சொல்லியிருக்கலாம். என் புத்தியில் பெரணமல்லூர்க்காரர்கள் மட்டும்தான் இருந்தார்கள். கதவு சாத்தியிருக்கிறது, வெளியே கேட்காது என்று ஒரு தைரியம் வேறு.

"அவரு ஒண்ணும் சொல்லலைங்க. சொல்லியிருந்தா எங்க வீட்டுக்காரர் எறங்கியிருக்கவே மாட்டாரு. அவருக்குக் காது நல்லாவே கேக்கும்ங்க."

மேனேஜர் எழுதிக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டுத் தலையைத் தூக்கினால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில், மகள் வேனில் தூங்கிய பிறகு அவர் பேசினார். எப்போதும் ஊருக்கே கேட்கப் பேசுகிறவர், அன்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார்.

"அந்த ஆளு உன்கிட்ட திரும்பிச் சொன்னத நான் பாத்தேன். மேனேஜர் மொகம் எனக்குத் தெரில, கண்ணாடி வழியா உன் மொகம் தெரிஞ்சுது. சொல்லலைன்னு எழுதிக் குடுத்துட்ட இல்ல?"

நான் அவர் கையை அழுத்தப் போனேன். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

டிரைவரிடம் மகள் பிறகு போனில் விசாரித்தாள். வழிகாட்டியின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம். டிரைவர் காதிலும் எதுவும் விழவில்லையாம், அதனால் எச்சரிக்காமல் விட்டதாக எழுதி வேலையிலிருந்தும் நிறுத்திவிட்டார்களாம். "அவரு நிஜமாவே சொல்லலையாம்மா? எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றாள். சொல்லவில்லை என்று மறுபடியும் சொன்னேன்.

கல்யாணம் நடந்தது. சம்பந்தி வீட்டில் இன்றுவரைக்கும் ஒரு பேச்சு வரவில்லை. என் வீட்டுக்காரர் ஷெட்டுக்குப் போகிறார், வருகிறார், போட்டதைச் சாப்பிடுகிறார். நான் பேச ஆரம்பித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நான் பேசுவது அவருக்கு எட்ட வேறு வழி கிடையாது, அது அவருக்கும் தெரியும்.

போன வாரம் தாங்க முடியாமல் அவர் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். "தப்புதாங்க. நான் பண்ணது தப்புதான். அந்த மனுசன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிடலாம், வாங்க" என்றேன். வாய்விட்டே சொன்னேன், தெருவுக்கே கேட்டிருக்கும்.

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.