அக்காவின் வாதமும் நான் போட்ட வட்டங்களும்

திருச்சியில் இண்டர்மீடியட் படித்தபோது எனக்குத் தர்க்கம் ஒரு பாடம். யார் எது பேசினாலும் அதைத் தாளில் வட்டங்களாகப் போட்டு, ஓட்டை எங்கே என்று காட்டிவிடுவேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் நான் பென்சிலை எடுத்தாலே பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

என் அக்கா பத்தொன்பது வயதிலேயே கணவனை இழந்து எங்களோடு வந்துவிட்டவள். ஒருநாள் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் சேர அப்பாவிடம் அனுமதி கேட்டாள். எத்தனை நாளாகத் தைரியம் சேர்த்தாளோ.

"எதிராத்துப் பொண்ணும் என்னை மாதிரிதானே அப்பா? அவ படிச்சு இப்போ டீச்சரா இருக்கா. என்னாலயும் முடியும்."

அப்பா மறுக்கவில்லை. வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவியபடி யோசித்தார். அதற்குள் நான் புகுந்தேன். ஒரு வட்டம் போட்டு, அதைப் பாதி வெட்டும்படி இன்னொன்றும் போட்டேன்.

"இது புருஷனை இழந்தவா. இது டீச்சர் ஆனவா. எதிராத்துப் பொண்ணு ரெண்டுக்கும் பொதுவான இடத்துல இருக்கா. நீயும் அங்கேதான் இருப்பேங்கறதுக்கு என்ன ஆதாரம்? ஒருத்திக்கு நடந்தா உனக்கும் நடக்கும்னு ஆகாது அக்கா."

அப்பா தாளை வாங்கிப் பார்த்தார். "அவன் சொல்றது சரிதானேம்மா. இந்தப் பேச்சை விட்டுடு" என்றார். அக்கா உள்ளே போனாள்.

அடுத்த வாரம் வகுப்பில் பேராசிரியர், வாதம் தவறு என்பதாலேயே அதன் முடிவும் பொய் ஆகிவிடாது என்றார். எழுதிக்கொண்டிருந்த என் கை நின்றது. அக்காவால் முடியாது என்று நான் நிரூபிக்கவே இல்லை. அப்பாவின் மனத்தில் இருந்த 'ஊர் என்ன சொல்லும்' என்பதற்கு ஒரு வட்டம்கூடப் போட்டுப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வகுப்பில் கேட்டதையும் என் தப்பையும் அவளிடம் சொன்னேன்.

"அப்பாகிட்ட சொன்னியோ?"

"இன்னும் இல்லே."

"என்கிட்ட சொல்லி என்னடா பிரயோஜனம்?"

அன்றே அப்பாவிடம் போயிருக்கலாம். தப்புப் பண்ணினேன் என்று அவர் முன்னால் ஒப்புக்கொள்ள வெட்கம். நாளை நாளை என்று பத்து நாள் தள்ளினேன். கடைசியில் சொன்னபோது அப்பா, "மனு கொடுக்கற கெடு போயிடுத்தேடா. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார்.

அடுத்த வருஷம் அக்கா கேட்கவில்லை. "நான் பேசறேன் அக்கா" என்றேன்.

"வேண்டாம்டா. எனக்கு இப்போ அந்த ஆசையே இல்லே."

என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். அவள் சொன்னதை நான் நம்பவில்லை. நம்பியதுபோலத் தலையாட்டிவிட்டுக் காலேஜுக்குக் கிளம்பிவிட்டேன்.