மக்ரூன் அடுப்பில் வெந்த கம்பிகள்

மதுரை மாட்டுத்தாவணியில் சனிக்கிழமை காலை ஐந்தே காலுக்குத் தூத்துக்குடிப் பேருந்தில் ஏறும்போதே எனக்குக் கோபம். டிக்கெட் நூற்று முப்பத்தைந்து ரூபாய். மடியில் இருந்த மாண்டலின் பெட்டியைப் பார்த்த நடத்துநர், "இதுக்கு லக்கேஜ் போடணுமேம்மா" என்றார்.

"மடியில குழந்தையை வச்சிருந்தா போடுவீங்களா?"

"குழந்தைக்கு அஞ்சு வயசு ஆச்சுன்னா அரை டிக்கெட்" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு முன்னால் போய்விட்டார். லக்கேஜ் போடவில்லை. மனுஷனைச் சும்மா கடித்துவிட்டோமே என்று அருப்புக்கோட்டை வரை உறுத்திக்கொண்டே இருந்தது. என் கோபம் அவர் மேல் இல்லை. அது நூற்று நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால், தெரேஸ்புரத்தில், ஒரு மாதா கோயில் திருவிழாக் கமிட்டியின் தலைவர் மேல் ஒரு வருடமாகக் குந்தியிருந்தது.

தெரேஸ்புரத்தில் இருக்கும் ஜெசிந்தா என்னோடு இசைக் கல்லூரியில் படித்தவள். கோயில் வளாகத்து ஹாலில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு மாண்டலின் சொல்லிக்கொடுக்கிறாள். போன வருடத் திருவிழாவில் நானும் அவளும் சேர்ந்து வாசித்தோம். மாண்டலினில் எட்டுக் கம்பி, இரண்டிரண்டாக ஜோடி. ஜோடியில் ஒன்று மயிரிழை இறங்கினாலும் காதில் மணல் விழுந்த மாதிரி இருக்கும். அன்று இரண்டாவது சரணத்திலேயே இறங்கியது. திருகினோம், மறுபடி இறங்கியது. தலைவர் மேடையேறி, மைக்கைப் பிடுங்கி, "போதும், பிள்ளைங்க காதைப் பொத்துதுங்க" என்றார். கூட்டம் சிரித்தது. ஜெசிந்தாவின் மாணவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இந்த வருடம் ஒரே ஒரு பாட்டுக்கு இடம் கொடுத்திருந்தார். அதிலும் சுருதி நிற்காவிட்டால் ஹால் கீபோர்டு வகுப்புக்குப் போய்விடும். கீபோர்டு வாத்தியார் தலைவரின் தங்கை மகன்.

கம்பி புதிது என்றால் இறங்கத்தான் செய்யும். ஆலையில் தடித்த கம்பியைச் சின்னச் சின்னத் துளை வழியாகச் சூடுபடுத்தாமல் இழுத்து இழுத்து மெலிய வைக்கிறார்கள். அந்த இழுபட்ட இறுக்கம் கம்பிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வாத்தியத்தில் கட்டி முறுக்கினால் கொஞ்சம் கொஞ்சமாக இளகி நீளுகிறது. நல்ல கம்பி என்றால் விற்பதற்கு முன்பே இளஞ்சூட்டில் வைத்து அந்த இறுக்கத்தைத் தணித்துவிட வேண்டும். நான் வாங்கும் கம்பி உறையிலும் 'சூட்டில் பதப்படுத்தியது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. செட் நானூற்று ஐம்பது ரூபாய். அதைப் பதப்படுத்திய லட்சணத்தைத்தான் போன வருடம் ஊரே கேட்டதே! கேட்டால் கடைக்காரர், "கடல்காத்தும்மா" என்கிறார். பாவம் கடல், அது என்ன செய்யும்?

போன மாதம் ஜெசிந்தா போனில் அழைத்தாள். "ஏளா, என் கொழுந்தன் ஒரு வழி சொல்லுதான். பழைய கம்பிய வச்சுச் செஞ்சு பாத்தோம், சுருதி நிக்கி. ஒண்ணு கெட்டாலும் மாத்துக்கு இருக்கட்டும், நம்ம ரெண்டு பேருக்கும் நாலு செட்டு புதுக் கம்பி எடுத்துட்டு வா." அதற்காகத்தான் திருவிழா அன்று விடியலிலேயே இந்தப் பயணம்.

எட்டரைக்குப் புதிய பேருந்து நிலையம். வழியில் உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் கூசச் செய்தன. தெரேஸ்புரத்துக்கு ஆட்டோ நூற்றைம்பது. ஓட்டுநர் வழியெல்லாம் துறைமுகத்து லாரிகளைத் திட்டிக்கொண்டே வந்தார். "ரோடு அவனுவ அப்பன் வீட்டு ரோடு பாத்துக்கிடுங்க. நம்ம ஓரமா ஒண்டணும்." எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

ஜெசிந்தாவின் கொழுந்தன் சிலுவை, விசைப்படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறான். படகுகள் கட்டியிருக்கும் கரையிலிருந்து கூப்பிடு தூரம். கருவாட்டு வாடையும் டீசல் வாடையும் சரிபாதியாக வீசுகிற இடம். ஜெசிந்தா என்னை அங்கே கூட்டிப்போனாள். அவன் ஓர் இரும்புச் சட்டம் செய்து வைத்திருந்தான். ஒரு பக்கம் கொக்கி, மறுபக்கம் திருகாணி.

"எஞ்சின் ஸ்பிரிங்கு இருக்குல்லா, சுத்தின பெறவு சூட்டுல வைப்பாவ. இல்லாட்டி நாளாக நாளாகத் தளந்துரும். உங்க கம்பிக்கும் அதே சீக்குதான். சட்டத்துல இழுத்துக் கட்டி, இழுத்த வாக்குலயே சூட்டுல வச்சா, நீளுறதெல்லாம் அங்கனயே நீண்டு முடிஞ்சிரும்."

"சூடு கூடிட்டா?"

"நீலம் பாஞ்சிரும். செத்த கம்பி. அதாம் பேக்கரி அடுப்பு. ரொட்டி எடுத்த பெறவு இருக்க சூடுதான் கணக்கு."

பேக்கரி, பாளையங்கோட்டை சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. விறகடுப்பு. விடியலில் ரொட்டி வேகும். ரொட்டி வெளியே வந்ததும், சூடு இறங்கிய அடுப்பில் மக்ரூன் வேகும். முந்திரியும் சீனியும் அடித்த முட்டை வெள்ளையும் சேர்ந்த அந்த மக்ரூனுக்கு மெல்லிய சூடு போதும். அண்ணாச்சி, அதாவது பேக்கரிக்காரர், ரொட்டிக்கும் மக்ரூனுக்கும் நடுவில் இருக்கும் நேரத்தைத் தருவதாகச் சொல்லியிருந்தார். அவருடைய இரண்டு பெண்களும் ஜெசிந்தாவிடம் படிக்கிறார்கள்.

பத்தரை மணிக்கு முதல் இரண்டு செட் உள்ளே போனது. ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, அடுப்பு வாயிலிருந்து கரும்புகை கிளம்பியது.

"எவன்லே அடுப்புக்குள்ள எண்ணெயக் காய்ச்சுதது?" அண்ணாச்சியின் சத்தத்தில் கடையில் நின்றவர்கள் எல்லாரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

சட்டத்தை வெளியே இழுத்தோம். கம்பிகள் மேல் கறுப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. ஒரு கம்பியை மீட்டினேன். கயிற்றை மீட்டிய மாதிரி பொத்தென்று ஒரு சத்தம்.

சிலுவை ஜெசிந்தாவைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "கொண்டுவாரப்ப லேசா எண்ணெய் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தேன் மைனி. காத்துல துரு ஏறிரக் கூடாதுல்லா."

இந்தக் கரையில் இரும்பு என்று ஒன்று கைக்கு வந்தால் அடுத்து எண்ணெய்தான். கதவுக் கீலுக்கு எண்ணெய், அரிவாள்மணைக்கு எண்ணெய், தூண்டில் முள்ளுக்கு எண்ணெய். போன மாதம் சோதித்தபோது பட்டறையில் எண்ணெய் தீர்ந்திருந்ததாம், அதனால்தான் தப்பித்தது! ஸ்பிரிங்கைப் பற்றி அத்தனை பேசியவனுக்கு, எண்ணெய் அடுப்பில் கருகும் என்று தெரியாதா? தெரியும். ஆனால் கை கேட்காது. எனக்கு வந்த ஆத்திரத்தில், "உங்க எஞ்சினுக்கு மாண்டலின் கம்பி கட்டுங்க, இங்க வராதீங்க" என்று கத்திவிட்டேன். அர்த்தமே இல்லாத வசவு. அப்போது வேறு எதுவும் வாயில் வரவில்லை.

அண்ணாச்சி அடுப்புத் தரையை ஈரச் சாக்கால் துடைத்துக்கொண்டே எங்கள் மூவரையும் சேர்த்து ஏசினார். "பத்துக் கிலோ மக்ரூன் ஆர்டரு. அடிச்ச நுரை காத்துக் கெடக்காது, தண்ணி விட்டுரும். எண்ணெ வாசம் ஏறிச்சுன்னா எவன் தின்பான்? கெளம்புங்க எல்லாரும்."

"யாரு ஆர்டர் அண்ணாச்சி?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"உங்க திருவிழாக் கமிட்டிதான். சிறப்பு விருந்தாளிக்காம்."

அவள் சத்தம் போடாமல், "கம்பி நிக்கலன்னா நாளைக்கு ஹால் இல்ல அண்ணாச்சி. உங்க ரெண்டு புள்ளையளும் எங்க போயி வாசிக்கும்?" என்றாள்.

அவர் உள்ளே போனார். சோப்புத் தண்ணீரும் வெள்ளைத் துணியுமாகத் திரும்பி வந்தார். சட்டத்தைத் தேய்த்துக் கழுவ வைத்தார். மீதி இரண்டு செட்டையும் நான் கட்ட, ஒவ்வொரு கம்பியையும் அவரே துடைத்து, துணியை மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்தார். சிலுவையைத் தெருவில் நிற்கச் சொல்லிவிட்டார். "மக்ரூன் கூடவே போவும். சூடு கம்மி. அதுக்குத் தக்கன நேரம் கூட வையி. வாசம் வந்திச்சோ, சட்டத்தை ரோட்டுல எறிஞ்சிருவேன்."

இப்படியாக எங்கள் எட்டு எட்டுப் பதினாறு கம்பியும் தலைவரின் பத்துக் கிலோ மக்ரூனும் ஒரே அடுப்பில் ஒன்றாக வெந்தன. பக்கத்துக் கடையில் பரோட்டா சாப்பிட்டேன். என்ன ருசி என்று கேட்டால் தெரியாது. மூன்று மணிக்குச் சட்டம் வெளியே வந்தது. கம்பிகளின் மேல் இளவைக்கோல் நிறத்தில் ஒரு சாயல். நீலம் இல்லை. இரண்டு மாண்டலினிலும் கட்டி, சுருதி சேர்த்துவிட்டு அரை மணி நேரம் தொடாமல் வைத்திருந்தோம். மறுபடி மீட்டியபோது வைத்த இடத்திலேயே நின்றது. தெருவில் நின்ற சிலுவை சன்னல் வழியாகக் கட்டைவிரலைக் காட்டினான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மாலை ஆறரை. மேடை. கடற்காற்று ஈரமாக அடித்தது. ஒரு மாதா பாட்டு வாசித்தோம். முதல் சரணம், இரண்டாவது சரணம், மூன்றாவது. எட்டு ஜோடியும் அசையவில்லை. வாசித்துக்கொண்டே ஜெசிந்தா என்னைப் பார்த்துச் சிரித்தாள். போன வருடம் முன்வரிசையில் தலைகுனிந்திருந்த பிள்ளைகள் தாளம் போட்டார்கள்.

பாட்டு முடிவதற்குள் தலைவர் மேடைக்கு வந்துவிட்டார். விருந்தாளி வந்திறங்கிவிட்டாராம். கையில் மாலை. மைக்கை வாங்கி, "நல்ல முயற்சி. ஆனா மாண்டலின்ல சுருதி நிக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும். அதனால ஹால்ல இனிமே கீபோர்டு வகுப்பு" என்றார்.

பக்கத்தில் கீபோர்டுக்கு முன்னால் நின்ற அவருடைய தங்கை மகனிடம், "தம்பி, ஒரு பஞ்சமத்தை அழுத்துங்க" என்றேன். அவர் மாமாவைப் பார்த்தார், பிறகு அழுத்தினார். ஜெசிந்தா தன் ஜோடிக் கம்பியை மீட்டினாள். இரண்டு ஒலியும் ஒன்றாக நின்றன.

"கரெக்டா இருக்கு மாமா" என்றார் அந்தப் பையன். மைக் அணைக்கப்படவில்லை. ஊர் முழுக்கக் கேட்டது.

தலைவர் முகம் சிவக்கவில்லை, கறுக்கவில்லை. "இருக்கட்டும்ப்பா. அது போன மாசமே கமிட்டியில முடிவானது" என்று சொல்லிவிட்டு மாலையோடு விருந்தாளியை நோக்கி நடந்தார்.

போன மாசமே! நாங்கள் கம்பி வேகவைத்து, அண்ணாச்சியிடம் ஏச்சு வாங்கி, தலைவரின் மக்ரூனுக்குக் காவல் நின்ற இந்தப் பகல் முழுக்க அவருக்கு விடை தெரியும். சுருதி அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. போன வருடம் அது இறங்கியது அவருக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான். மேடைக்குப் பின்னால் தட்டுத் தட்டாக மக்ரூன் போய்க்கொண்டிருந்தது. எனக்கும் ஒன்று நீட்டினார்கள். வாங்கவில்லை. இதை எழுதும்போதும் அந்த ஆத்திரம் அடங்கவில்லை.

ஜெசிந்தா அழுவாள் என்று நினைத்தேன். மாண்டலினைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். "பஸ்ஸுக்கு அவசரமா ஒனக்கு?" என்றாள்.

"இல்ல."

"அப்ப இரு. நாளைக்குக் காலைப் பூசை முடிஞ்சு ஒம்பது மணிக்கு கிளாஸ்."

ஞாயிறு காலை ஒன்பது மணி. ஹால் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. வாசல் படியில் ஜெசிந்தா உட்கார்ந்தாள், பக்கத்தில் நான். பூசை முடிந்து வெளியே வந்த பிள்ளைகள் பூட்டைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலேயே படியிலும் தரையிலும் வரிசையாக உட்கார்ந்தார்கள். அண்ணாச்சி பைக்கில் வந்து இரண்டு பெண்களையும் இறக்கிவிட்டு, இறங்கி நின்றுகொண்டார். நாங்கள் முறுக்காணியைத் தொடாமலேயே ஸா மீட்டினோம். அப்படியே நின்றது.

கீபோர்டு வகுப்புக்கு ஹாலைத் திறக்கத் தலைவர் சாவிக்கொத்தோடு வந்தபோது, படியில் அவர் கால் வைக்க இடமில்லை. "வழி விடும்மா" என்றார்.

"பாடம் நடக்கு" என்றாள் ஜெசிந்தா. "முடியட்டும்."