பிளக்பாயிண்ட் விசா கேட்ட கதை

“சார்ஜர் மாட்ட ஒரு பிளக்பாயிண்ட் குடுங்க, போதும். உலகத்துல எந்த மூலையிலயும் உட்கார்ந்து வேலை பார்ப்பேன். என்னால முடியாத இடம்னு ஒண்ணு கிடையாது!”

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், தண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, சம்பந்தா சம்பந்தமில்லாமல் எழுந்து நின்று அவர் செய்த அறிவிப்பு இது. அன்று முதல் மூன்று மாடிக்கும் அவர் பெயர் பிளக்பாயிண்ட். பெற்றவர்கள் வைத்த பெயர் தபால்காரருக்கு மட்டுமே தெரியும்.

வெறும் வாய்ச்சவடால் என்றும் தள்ளிவிட முடியாது. கடல் கடந்த ஒரு கம்பெனியின் கிடங்குகளில் எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று சொல்லும் மென்பொருளை, ஆறு வருடமாகப் படுக்கையறையிலிருந்தே காப்பாற்றி வந்தார். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே அரை டவுசர். மகள் பிறந்த அன்று பிரசவ வார்டு வராந்தாவில் உட்கார்ந்து இரண்டு பிழைகளைத் திருத்தினார். அதை மனைவி இன்றுவரை மன்னிக்கவில்லை.

அப்படிப்பட்டவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. கம்பெனியில் இரண்டு குழுக்கள் இருக்கின்றன, இனி ஒன்றுதான் இருக்கும். நேரில் வந்து நான்கு நாள் கூட்டத்தில் உங்கள் குழுவுக்காகப் பேசுங்கள். பேசாவிட்டால் அவரும், அவருக்குக் கீழே இருக்கும் எட்டுப் பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஏற்கெனவே வீட்டில் இருப்பவர்களை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று கம்பெனி யோசிக்கவில்லை.

“ஆறு வருஷமா என் மூஞ்சியைப் பெட்டிக்குள்ள பார்த்தாங்க. இப்ப மூக்கு நிஜமான்னு தொட்டுப் பார்க்கணுமோ?” என்று கத்தினார்.

விசாவுக்கு வழி சொன்னவன் மனைவியின் தம்பி, டிராவல்ஸ் வைத்திருப்பவன். “மாமா, சுற்றுலா விசா வேண்டாம், வேலை விசாவும் வேண்டாம். மீட்டிங்குக்குப் போறவங்களுக்குன்னே வணிக விசா இருக்கு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கையெடுத்துக் கும்பிடறேன், சொற்பொழிவு வேண்டாம்.”

விசா கவுண்டரில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அதிகாரி கேட்டார்: “எதுக்குப் போறீங்க?”

“மீட்டிங்.”

“எத்தனை நாள்?”

“நாலு.”

இதோடு நிறுத்தியிருந்தால் இந்தச் சரித்திரத்துக்கே இடமில்லை.

“இப்ப எங்கேயிருந்து வேலை பார்க்கறீங்க?”

“ஒரு பிளக்பாயிண்ட் இருந்தா எங்கேயிருந்தும் பார்ப்பேன். உங்க ஊர் ஹோட்டல் ரூம்ல உட்கார்ந்துகூட!”

அதிகாரி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். வேலை செய்யும் நோக்கத்தோடு போகிறார் என்று எழுதி மனுவைத் திருப்பிவிட்டார்.

அன்று வீடு அதிர்ந்தது. “பேசலாமாம், கை குலுக்கலாமாம், தூங்கி வழியலாமாம்! லேப்டாப்பைத் திறந்தா மட்டும் குத்தமாம்! தினமும் இங்கேயிருந்து அதே கம்பெனி கம்ப்யூட்டரைத்தானே தொடறேன்? இங்க இருந்தா நல்ல விரல், அங்க போனா திருட்டு விரலா?”

நியாயமான கேள்விதான். அவர் எழுதிய நிரல் நாள் தவறாமல் எல்லை தாண்டிப் போய் முதுகொடிய உழைக்கிறது. அதை எந்தக் கவுண்டரிலும் நிறுத்தி யாரும் எதுவும் கேட்டதில்லை. எழுதியவனின் உடம்பு நகர்ந்தால்தான் உலகத்துக்கே ஆபத்து.

இஸ்திரி மேஜையில் ஓங்கி அடித்தார். அதுதான் அவருடைய ஆபீஸ் மேஜையும்.

“அடிங்க, நல்லா அடிங்க. ஏற்கெனவே ஒரு கால் ஆடுது,” என்றாள் மனைவி. “எட்டுக் குடும்பம் காத்திருக்கு, நீங்க மேஜையோட சண்டை போடுங்க.”

“மாமா, சட்டத்தை மாத்த என்னால முடியாது,” என்றான் மைத்துனன். “உங்க வாயைக் கொஞ்சம் மாத்தலாம். பொய்யும் சொல்ல வேண்டாம். நாலு நாள் நிஜமாவே வேலை பார்க்காம இருங்க.”

பிளக்பாயிண்டின் வாழ்க்கையில் இதைவிடக் கேவலமான யோசனையை யாரும் சொன்னதில்லை. ஆனாலும் எட்டுப் பேர். அந்த நான்கு நாளும் இவர் வேலையைக் குழுவில் இளையவன் பார்ப்பான், இவர் கூட்டத்தில் மட்டும் கலந்துகொள்வார் என்று கம்பெனியிடம் கடிதம் வாங்கினார். இரண்டாம் முறை கவுண்டரில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒற்றை வார்த்தைகளில் பதில் சொன்னார். விசா கிடைத்தது. லேப்டாப்பை மனைவியிடம் கொடுத்து, “பீரோவுல வச்சுப் பூட்டு,” என்றார்.

போனார். மூன்றாம் நாள் நண்பகலில் எழுந்து பேசினார். ஆறு வருடக் கோபமும் அதில் வந்து உதவியது. குழு பிழைத்தது.

அன்று சாயங்காலம் ஹோட்டல் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சுவரைச் சுற்றி ஏழு பிளக்பாயிண்டுகள். இரண்டு தடவை எண்ணியாயிற்று. போன் அடித்தது. இளையவன்.

“அண்ணே, நல்ல சேதி கேட்டோம், ரொம்ப சந்தோஷம்! ஆனா இங்க சர்வர் படுத்துடுச்சுண்ணே. உங்களுக்கு அஞ்சு நிமிஷ வேலை. கீழே ஹோட்டல் கம்ப்யூட்டர்லயாவது…”

சர்வர் ஏன் படுத்தது என்று அவருக்குக் கேட்டவுடனே தெரிந்துவிட்டது. விரல்கள் போர்வையின் மேல் தானாகத் தட்ட ஆரம்பித்தன. இன்னொரு கையால் அவற்றைப் பிடித்துக்கொண்டார்.

“இல்லப்பா,” என்றார். “இங்க என்னால முடியாது. நீயே பாரு.”